காற்றுக் காலத்தில் வாருங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் தீவு வாழ்க்கை பற்றி அவ்வப்போது எழுதும் குறிப்புகளை நானும் மனைவியும் விடாமல் படிக்கிறோம். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. அடுத்த வருடம் வேலையை விட்டுவிட்டு ஒரு சின்னத் தீவில் போய் இருந்துவிடலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். எங்களிடம் ஒரு நாய், ஒரு பூனை. தோட்டம் போடவும் ஆசை. அங்கே பொழுது எப்படிப் போகிறது? சலிக்கவில்லையா? அந்த அமைதி எங்களைப் போன்றவர்களுக்கும் கிடைக்குமா?

க.

அன்புள்ள க,

முதலில் அந்த அமைதி. என் வீட்டில் அது கிடையாது. விடியுமுன்பே சேவல் தொடங்கிவிடும். அது அடங்குவதற்குள் பூனை வந்து முகத்துக்கு நேரே உட்கார்ந்துகொள்ளும். கத்தாது, பார்த்துக்கொண்டே இருக்கும். கண்ணைத் திறக்காமலே அது பார்ப்பது எனக்குத் தெரியும். வெளியே விடச் சொல்கிறது. விட மாட்டேன், காரணத்தைப் பிறகு சொல்கிறேன். அப்புறம் நாய்க்குக் கதவு, கோழிகளுக்குக் கூண்டு, எல்லாருக்கும் தீனி, தண்ணீர். இத்தனையும் முடிந்த பிறகுதான் பல் தேய்ப்பேன். காற்று வேறு ஓயாது. இதைத்தான் அமைதி என்று எழுதித் தொலைத்திருக்கிறேன் போல.

சலிக்க நேரமில்லை என்றெல்லாம் சொல்ல மாட்டேன். நேரம் கொட்டிக் கிடக்கிறது. மதியம் நாய் வாசல்படியில் படுத்துத் தூங்குவான், நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். கனவில் எதையோ துரத்துவான். முன்னங்கால் மட்டும் துடிக்கும், உதட்டோரம் படபடக்கும். ஒரு மணி நேரம் இப்படியே போய்விடும். சிலருக்கு இது போதும், சிலருக்குப் பைத்தியம் பிடிக்கும். நீங்கள் எந்த ரகம் என்று எனக்கு எப்படித் தெரியும்?

தோட்டத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், நான் அதிகம் ஏமாந்தது அதில்தான். வந்த புதிதில் காற்றைத் தடுக்கக் கடல் பக்கம் சுவர் எழுப்பினேன். காற்று சுவரில் மோதி மேலேறி, இந்தப் பக்கம் விழுந்து சுழன்று, தக்காளிச் செடிகளை வரிசையாகப் படுக்க வைத்தது. காற்றை நிறுத்தப் பார்க்கக் கூடாது, சல்லடை போலச் சலித்து விட வேண்டும். பாதிக் காற்றை உள்ளே விடும் உயிர்வேலி, தன் உயரத்தைப் போலப் பத்து மடங்கு தூரம் வரை வேகத்தைக் குறைக்கும். இப்போது அங்கே பூவரசும் புன்னையும் நிற்கின்றன. இரண்டுக்கும் உப்பு பழக்கம். அரளியும் உப்புக்கு அசராது, ஆனால் நாய், பூனை உள்ள வீட்டில் அது வேண்டாம். இலை, பூ, தண்டு எல்லாமே விஷம்.

கடல் கொந்தளித்த மறுநாள் காலையில் ஓர் இலையைத் தொட்டு விரலை நாக்கில் வைத்தால் கரிக்கும். அப்படியே விட்டால் இலையின் ஓரம் தீய்ந்த காகிதம் மாதிரி சுருண்டுவிடும். நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். அந்த நல்ல தண்ணீருக்குத்தான் பாடு. சின்ன மணல் தீவுகளில் மழைநீர் மண்ணுக்குள் இறங்கி, கனமான கடல்நீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல நீர் நின்றால், கீழே சுமார் 40 அடி இருக்கும் என்பது பழைய கணக்கு. கேட்கச் சுகமாக இருக்கிறதா? திருப்பிப் போட்டுப் பாருங்கள். அந்த ஓர் அடியை இறைத்துத் தீர்த்தால், கீழேயிருந்து உப்புநீர் 40 அடி ஏறப் பார்க்கும். அதனால் மோட்டாரைக் கழற்றிவிட்டேன். வாளியும் கயிறும்தான். காலையில் முதல் வாளியில் ஒரு வாய் குடித்துப் பார்ப்பேன். லேசாகக் கரித்தால் அன்று செடிகளுக்குப் பாதித் தண்ணீர். நாய், கோழிகளுக்குத் தொட்டியில் பிடித்து வைத்த மழைநீர்.

சரி, பூனை. பூனைக்குத் தீவு சொர்க்கம், தீவுக்குப் பூனை சனியன். 1894 வாக்கில் நியூசிலாந்தின் ஸ்டீபன்ஸ் தீவில் கலங்கரை விளக்கக் காவலர்களின் பூனை, பறக்கத் தெரியாத சின்னஞ்சிறு பறவைகளைக் கவ்விக்கொண்டு வந்து போட்டது. லயால் என்ற உதவிக் காவலர் அவற்றைச் சேகரித்ததால்தான் அப்படி ஓர் இனம் இருப்பதே வெளியே தெரிந்தது. சில வருடங்களுக்குள் இனமே இல்லை. ஒற்றைப் பூனை முடித்துவிட்டது என்று ருசியாகச் சொல்வார்கள். உண்மையில் தீவில் பூனைகள் பெருகிவிட்டிருந்தன. உங்கள் பூனைக்குக் கருத்தடை செய்துவிட்டுக் கூட்டி வாருங்கள். பறவைகள் தரையில் இரை தேடும் விடியலிலும் அந்தியிலும் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். முறைக்கும். முறைக்கட்டும்.

நீங்கள் கேட்காத ஒன்று: மருத்துவர் அக்கரையில் இருக்கிறார். போன மழைக்காலத்தில் நாயின் பாதத்தில் முள் ஏறிச் சீழ் வைத்துவிட்டது. மூன்று நாள் படகு இல்லை. மருத்துவர் போனில் சொல்லச் சொல்ல, வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் பாதத்தை ஊறவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் மடியில் தாடையை வைத்துக்கொண்டான். மூன்றாம் நாள் இரவு அவன் தூங்கினான், நான் தூங்கவில்லை. அந்த இரவைப் பற்றி எந்தக் குறிப்பும் எழுதவில்லை என்பது உங்கள் கடிதத்தைப் படித்த பிறகுதான் உறைக்கிறது.

ஆகவே வேலையை இப்போதே விடாதீர்கள். ஒரு மாதம் விடுப்பு எடுத்து, காற்றுக் காலத்தில், வாடகை வீட்டுக்கு வாருங்கள். எல்லாரும் பூப்பூக்கும் காலத்தில் வந்து ஏமாறுகிறார்கள். நாயையும் பூனையையும் கட்டாயம் கூட்டி வாருங்கள். நாய்க்குப் படகு ஒத்துக்கொள்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். என்னுடையவன் இன்னும் ஒவ்வொரு முறையும் வாந்தி எடுக்கிறான். பழைய துண்டு இரண்டு கையில் இருக்கட்டும்.