மழைக்குப் பிறகும் ஓடும் ஸ்பிரிங்க்ளர்

கேள்வி: ஃபுளோரிடாவில் ஆர்லாண்டோ அருகே ஒரு பழைய வீட்டை வாங்கியிருக்கிறோம். மாலையில் மழை கொட்டித் தீர்த்தாலும், மறுநாள் விடியற்காலையில் ஸ்பிரிங்க்ளர் தன்பாட்டுக்கு ஓடுகிறது. மழை சென்சார்களில் வயர் உள்ளதை வாங்குவதா, வயர்லெஸ் வாங்குவதா? நாங்களே பொருத்தலாமா?

பதில்: கடைக்குப் போகுமுன் கூரை விளிம்பை ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். 1991-க்குப் பின் நிறுவப்படும் தானியங்கி ஸ்பிரிங்க்ளர்களில் மழையறிந்து நிறுத்தும் கருவி இருக்க வேண்டும் என்பது உங்கள் மாநிலச் சட்டம் என்பதால், ஒரு சென்சார் ஏற்கெனவே அங்கு இருக்கக்கூடும். ஸ்பிரிங்க்ளரை நேரப்படி இயக்கும் கன்ட்ரோலரில் சென்சாருக்கான சுவிட்ச் ‘பைபாஸ்’ நிலையில், அதாவது சென்சாரைப் பொருட்படுத்தாத நிலையில், இருந்தால் அதை மாற்றினாலே போதும்; முன்பிருந்தவர்கள் அப்படி விட்டுச் செல்வது அரிதன்று.

சென்சார் இல்லையெனில், கன்ட்ரோலருக்கும் கூரைக்கும் இடையே வயரை எளிதாக இழுக்க முடியுமானால் வயர் உள்ளதையே வாங்குங்கள். விலை குறைவு, பேட்டரி மாற்றும் வேலையும் இல்லை. கன்ட்ரோலர் வீட்டின் நடுவிலோ, கூரையிலிருந்து வெகு தொலைவிலோ இருந்தால் மட்டுமே வயர்லெஸ்ஸுக்குக் கூடுதல் பணம் கொடுப்பது நியாயம். இரண்டிலும் பெரும்பாலும் உள்ளே இருப்பவை ஒரே மாதிரியான தக்கை வில்லைகள்தாம்: மழையில் ஊறி உப்பி, சுவிட்சை அழுத்தி, தண்ணீரைத் திறந்து மூடும் வால்வுகளுக்குச் செல்லும் மின்சாரத்தைத் துண்டிக்கும்; காய்ந்து சுருங்கியதும் மீண்டும் இணைக்கும்.

நீங்களே பொருத்தலாம். வால்வுகளுக்குச் செல்வது 24 வோல்ட் மட்டுமே. ஆயினும் கன்ட்ரோலரின் மின்இணைப்பை முதலில் துண்டித்துவிடுங்கள். சென்சாரின் இரண்டு வயர்களையும் அதற்குரிய முனைகளில் இணைத்து, அம்முனைகளுக்கிடையே உள்ள குட்டிக் கம்பியைக் கட்டாயம் அகற்ற வேண்டும். அதை விட்டுவிட்டால் எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் நிற்காது. சென்சார் முனைகளே இல்லாத பழைய கன்ட்ரோலர் என்றால், எல்லா வால்வுகளுக்கும் பொதுவான வயரை வெட்டி, அந்த இரு முனைகளுக்கும் நடுவே சென்சாரை இணைக்கலாம்.

இடத்தைத் தேர்வதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மழை நேராக விழும் திறந்த விளிம்பாக இருக்க வேண்டும். மரக்கிளையின் கீழோ, ஏசியின் சூடான காற்று படும் இடத்திலோ, ஸ்பிரிங்க்ளர் நீர் தெறிக்கும் தூரத்திலோ கூடாது. எவ்வளவு மழைக்கு நிறுத்த வேண்டும் என்ற சென்சாரின் அளவை முதலில் கால் அங்குலத்தில் வையுங்கள். சிறு தூறலுக்கே நின்றுவிடுவதாகத் தோன்றினால் அரை அங்குலத்துக்கு உயர்த்தலாம். ஸ்பிரிங்க்ளர் ஓடும்போது சென்சாரின் மேல்முனையை விரலால் அழுத்தினால் தண்ணீர் நிற்க வேண்டும். இச்சோதனையை ஆண்டுதோறும் மழைக்காலத்துக்கு முன் செய்யுங்கள். தக்கை வில்லைகள் வெயிலில் நாளடைவில் நைந்துபோகும்.