பத்து வயது தாண்டிய டொயோட்டா அக்ஸியோ ஹைபிரிட் கார் வாங்கலாமா? பற்றறி செத்தால் என்ன செய்வது?

வாங்கலாம். ஆனால் "2014 மொடல், விலை பரவாயில்லை, பற்றறிதான் பயமாக இருக்கிறது" என்று நீங்கள் எழுதியிருப்பது வீண் பயம் என்று சொல்ல மாட்டேன். எங்கள் காரில் அது செத்தது. சாகடித்தது நான்தான் என்பதால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது யாழ்ப்பாணத்தில். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா. 2016இல் ரீகண்டிஷனாக, அதாவது ஜப்பானில் பாவித்த காராக, வந்த 2014 அக்ஸியோ ஒன்றை லீசிங்கில் எடுத்தோம். 1,496 சிசி பெற்றோல் எஞ்சின், அதோடு ஒரு மின் மோட்டார், பின் இருக்கைக்கு அடியில் 144 வோல்ற் பற்றறி. பற்றறி அங்கே இருப்பதால் டிக்கியில் இடம் குறையவில்லை. முதல் நாள் கேற்றைத் தாண்டி ரோட்டுக்கு வந்த பிறகும் அம்மா, "தம்பி, கார் இன்னும் ஸ்ரார்ட் ஆகேல்லையே?" என்று கேட்டார். மோட்டாரில் ஓடும்போது அவ்வளவு சத்தமில்லை.

பெற்றோல் கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன். ஜப்பான் பரிசோதனைக் கணக்கில் லீற்றருக்கு 33 கிலோமீற்றர் என்று போட்டிருப்பார்கள். அதை மறந்துவிடுங்கள். எனக்கு ஊருக்குள் 19, 20 கிடைக்கும். ஏ9 வீதியில் 70ஐத் தாண்டாமல் சீராகப் போனால் 23, 24. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு உடனே திரும்பும் மூன்று கிலோமீற்றர் ஓட்டம் மட்டும் என்றால் 15தான். எஞ்சின் சூடாகும் வரை அது நிற்காது, சூடாவதற்குள் வீடு வந்துவிடும். உங்கள் ஓட்டம் முழுக்க அப்படித்தான் என்றால் ஹைபிரிட்டுக்குக் கூடுதலாகக் காசு கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

பெற்றோலைவிட எனக்குப் பெரிதாகத் தெரிந்த வசதி ஏசி. அதன் கம்பிரசர் மின்சாரத்தில் ஓடுகிறது. சித்திரை வெயிலில் பள்ளிக்கூட வாசலில் காத்து நிற்கும்போது எஞ்சின் நின்றிருக்கும், உள்ளே குளிர் வந்துகொண்டிருக்கும். பற்றறி இறங்கினால் எஞ்சின் தானே எழும்பி ஒரு நிமிடம் ஓடிவிட்டு நிற்கும். அப்படி நிற்கும்போது கியரை 'என்'னில் (நியூட்ரலில்) போடாதீர்கள், 'என்'னில் பற்றறிக்கு சார்ஜ் ஏறாது. இது எனக்கு இரண்டு வருடம் தெரியாது.

சரி, 2022க்கு வருகிறேன். அந்த வருடம் பெற்றோல் ஜூன் கடைசியில் லீற்றர் 470 ரூபா வரை போனது. அதுவும் ஷெட்டில் இருந்தால்தான். வரிசையில் பலர் காரைத் தள்ளிக்கொண்டு நகர்ந்தார்கள். நான் மட்டும் மோட்டாரில் சத்தமில்லாமல் ஊர்ந்தேன், கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. பக்கத்தில் நின்ற ஒருவர்தான் எச்சரித்தார்: ராங்க் முழுதாகக் காய்ந்த பிறகும் பற்றறியில் ஓட்டினால் அதுவும் இறங்கிவிடும், பிறகு பெற்றோல் ஊற்றினாலும் எஞ்சினை எழுப்ப ஆளில்லை. இந்தக் காரில் தனி ஸ்ராட்டர் கிடையாது, எஞ்சினைச் சுழற்றுவதே பெரிய பற்றறிதான். பிறகு கியூஆர் கோட்டைக் காட்டி அளவாகப் பெற்றோல் வாங்கும் முறை வந்தது. காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். எனக்கு அது 400 கிலோமீற்றர், ஏறக்குறைய கொழும்புக்கு ஒரு வழி. பக்கத்து வீட்டு வான்காரர் அந்தக் கணக்கைக் கேட்டுவிட்டு என்னோடு இரண்டு நாள் கதைக்கவில்லை.

அங்கேதான் நான் பிழை விட்டேன். மிச்சம் பிடிக்கும் வெறியில் ஏசியை நிறுத்தினேன், கண்ணாடியை இறக்கிவிட்டு ஓடினேன். ஒரு தடவை போனால் எல்லா வேலையையும் முடித்துவிட வேண்டும் என்று பின் இருக்கையில் கிளிநொச்சி அரிசி மூட்டை, தேங்காய், உறவினரின் சாமான் எல்லாம் ஏற்றினேன். பின் இருக்கையோரம் ஒரு சின்னக் காற்றுத் துவாரம் இருக்கிறது. பற்றறியைக் குளிரவைக்கும் விசிறி, காருக்குள் இருக்கும் காற்றைத்தான் அதன் வழியாக இழுக்கிறது. நான் அதற்குக் கொடுத்தது வெயில் காற்றும் செம்மண் தூசியும். பாதி நாள் மூட்டையால் துவாரத்தை அடைத்தும் வைத்திருந்தேன்.

அடுத்த வருடம் ஆரம்பத்தில் அறிகுறிகள் வந்தன. பின்னால் விசிறிச் சத்தம் கேட்கத் தொடங்கியது. பற்றறி அளவுக் கோடுகள் சட்டென்று இறங்கி, சட்டென்று ஏறின. எஞ்சின் அடிக்கடி எழும்பியது. ஒருநாள் மாங்குளம் தாண்டும்போது சிவப்பு எச்சரிக்கை, அதுவும் ஜப்பானிய எழுத்தில். ஓரமாக நிறுத்தி, மகள் போனைப் பிடித்து மொழிபெயர்த்துச் சொன்னாள்: ஹைபிரிட் அமைப்பைப் பரிசோதிக்கவும்.

கொழும்பில் ஒரு கராஜில் திறந்துகூடப் பார்க்காமல் முழுப் பற்றறியும் மாற்ற வேண்டும், ஐந்து லட்சத்துக்கு மேல் என்றார்கள். ஊரில் ஒரு மெக்கானிக் தம்பி இருக்கையைக் கழற்றி விசிறியை எடுத்துக் காட்டினார். விசிறியின் இதழ்களே தெரியவில்லை, சாம்பல் நிறக் கம்பளி மாதிரித் தூசி. உள்ளே 20 தொகுதிகள், ஒவ்வொன்றும் 7.2 வோல்ற். சுமை கொடுத்து அளந்தபோது இரண்டு மட்டும் விழுந்தன. "அண்ணை, ரெண்டை மாத்தலாம். ஆனா மிச்சப் பதினெட்டும் அதே வயசுதான், அதை நினைச்சுக்கொள்ளுங்கோ" என்றார். மாற்றினோம், இணைப்புத் தகடுகளில் பிடித்திருந்த பச்சைக் களிம்பையும் துடைத்தார்.

அது பதினான்கு மாதம் ஓடியது. பிறகு வேறொரு தொகுதி விழுந்தது. இந்தத் தடவை இருபதையும் புதிதாகப் போட்டேன். முதலிலேயே போட்டிருந்தால் முதல் தடவைக் கூலி மிச்சம். ஆனால் 2023இல் கையில் அந்தக் காசு இருக்கவில்லை, அதனால் அதைப் பிழை என்று சொல்ல மனம் வரவில்லை. மற்றபடி பத்து வருடக் கணக்கில் பார்த்தால் இந்தக் காரில் செலவு குறைவு. எஞ்சினில் விசிறி பெல்ற் இல்லை, சார்ஜ் ஏற்றும் ஓல்ற்றநேற்றர் இல்லை. வேகத்தைக் குறைக்கும் வேலையில் பெரும்பகுதியை மோட்டாரே செய்வதால் பிரேக் பாட் தேய்வதே தெரியாது.

இன்னொரு பற்றறியும் இருக்கிறது, 12 வோல்ற் சின்னது. அதன் முக்கிய வேலை காரின் கணினிகளை எழுப்புவது. 2020 ஊரடங்கில் வாரக்கணக்காக நிறுத்தி வைத்தேன், கார் கதவுகூடச் சரியாகத் திறக்காமல் மரக்கட்டையாகக் கிடந்தது. பெரிய பற்றறி போய்விட்டது என்று நினைத்து ஒரு இரவு தூங்கவில்லை. சின்னதை மாற்றியதும் எழும்பிவிட்டது. வெளிநாடு போவதென்றால் கிழமைக்கு ஒருதரம் யாரையாவது காரை ஒரு அரை மணித்தியாலம் 'ரெடி'யில் (ஓடத் தயாரான நிலையில்) வைத்திருக்கச் சொல்லுங்கள்.

இனி நீங்கள் பார்க்கப் போகும் கார். 2020இல் நிறுத்திய இறக்குமதியை 2025 பெப்ரவரியில் திறந்துவிட்டார்கள், அதனால் அவசரப்பட ஒன்றுமில்லை. கார் ஆறியிருக்கும் காலை நேரத்தில் போங்கள். விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லுங்கள். அரை மணித்தியாலமாவது ஓட்டுங்கள், ஏற்றமும் நெரிசலும் உள்ள பாதையில். பற்றறிக் கோடுகள் நிதானமாக ஏறி இறங்க வேண்டும், குதிக்கக் கூடாது. காரின் கணினியை வாசிக்கும் ஸ்கானர் உள்ள ஒருவரைக் கூட்டிப்போய் பற்றறித் தொகுதிகளின் வோல்ற்றேஜ்கள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றனவா என்று ஓட்டத்தில் பார்க்கச் சொல்லுங்கள். "பற்றறி இப்பதான் செய்தது" என்று சொன்னால், எத்தனை தொகுதி என்று கேளுங்கள். "ரெண்டு, மூன்று" என்றால் முழு செற்றின் விலையைக் காரின் விலையில் கழித்துப் பேசுங்கள்.

அப்புறம் பின் இருக்கையில் ஏறி, அந்தத் துவாரத்துக்குள் விரலை விட்டுப் பாருங்கள். எங்கள் காரில் இப்போது அதற்குப் பக்கத்தில் மூட்டை வைத்தால் அம்மாவே இறக்கச் சொல்கிறார்.