தொழுவத்துப் பூனைகளுக்குக் கருத்தடை: கால்நடை மருத்துவர் பதில்கள்

கேள்வி: வீட்டில் ஒரு பெட்டைப் பூனையும், மாட்டுத் தொழுவத்தில் எலிக்காக விட்டுவைத்த மூன்று பெட்டைகளும் இருக்கின்றன. குட்டிகள் பெருகிக்கொண்டே போகின்றன. பல பிழைப்பதும் இல்லை. தனியார் மருத்துவமனையில் நான்குக்கும் கேட்ட தொகை எங்களுக்குக் கட்டுப்படியாகாது. ஊசியே போதும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். ஒரு முறையாவது குட்டி போட்ட பிறகே அறுவை செய்ய வேண்டும் என்கிறார் மாமியார். என்ன செய்வது?
– வாசகி, ஒரத்தநாடு வட்டம்

பதில்: நான்குக்கும் அறுவை செய்துவிடுங்கள். ஒன்றை விட்டாலும் தொழுவம் மீண்டும் நிறைந்துவிடும். பெட்டைப் பூனை நான்கு மாதத்திலேயே பருவமடையக்கூடும். சினைக்காலம் ஏறத்தாழ 65 நாட்கள்தான். குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே தாய் மறுபடியும் சினையாகிவிடும். நம் ஊரில் பகல் பொழுதின் நீளம் ஆண்டு முழுதும் அதிகம் மாறாததால் இதற்குப் பருவகால இடைவெளியும் பெரிதாக இல்லை.

ஒரு முறை ஈன்றால்தான் உடலுக்கு நல்லது என்பதற்கு மருத்துவத்தில் ஆதாரம் இல்லை என்பதை மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். ஆறு மாத வயதுக்குள் அறுவை செய்யப்பட்ட பூனைக்குப் பால்சுரப்பிப் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய 90 விழுக்காடு குறைகிறது. பூனைகளின் பால்சுரப்பிக் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுக்கட்டிகளே என்பதால் இது சிறிய நன்மை அன்று. வயது கடந்த பூனைக்கும் கருப்பையில் சீழ் வைக்கும் ஆபத்து நீங்குகிறது.

ஊசியை நான் அழுத்தமாக மறுக்கிறேன். அது ஹார்மோன் மருந்து, விளைவு தற்காலிகமானது. திரும்பத் திரும்பப் போட்டால் கருப்பைச் சீழ், பால்சுரப்பிக் கட்டி, நீரிழிவு ஆகியவற்றுக்கு வழி வகுக்கும். அவற்றுக்கான சிகிச்சைச் செலவோடு ஒப்பிட்டால் மலிவான ஊசி மலிவானதே அல்ல.

செலவைப் பொறுத்தவரை உங்களுக்கு நல்ல வாய்ப்பு அருகிலேயே இருக்கிறது. ஒரத்தநாட்டில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. இத்தகைய கல்லூரிகளின் சிகிச்சை வளாகங்களில் கட்டணம் தனியாரைவிடப் பொதுவாகக் குறைவு. மாணவர் பயிற்சி ஆசிரியர்களின் மேற்பார்வையில் நடப்பதால் தயங்கத் தேவையில்லை. முன்கூட்டியே சென்று அறுவை நாளையும், மருந்தோ தையல் நூலோ வெளியில் வாங்க வேண்டியிருக்குமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பக்கத்து வீடுகளையும் சேர்த்துக்கொண்டால் வண்டி வாடகையைப் பகிர்ந்துகொள்ளலாம். பணம் ஒரேயடியாகத் திரளவில்லை என்றால் கடுவன்களை (ஆண் பூனைகளை) விட்டுப் பெட்டைகளுக்கு முதலில் அறுவை செய்துவிடுங்கள். ஊரில் ஒரு கடுவன் மிஞ்சினாலும் எல்லாப் பெட்டைகளும் சினையாகிவிடும்.

தொழுவத்துப் பூனைகளைப் பிடிப்பதுதான் உண்மையில் கடினமான வேலை. சில நாட்கள் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், திறந்த கூண்டுக்குள் சோறு வையுங்கள். அச்சம் தெளிந்து தாமாகவே உள்ளே சென்று தின்னும்போது கதவை மூடி, மேலே துணியைப் போர்த்திவிட்டால் அமைதியாக இருக்கும். சாக்கில் கட்டிக் கொண்டுவராதீர்கள். வெக்கையில் மூச்சுத் திணறி இறந்துவிடக்கூடும். வளர்ந்த பூனைக்கு முந்தைய இரவிலிருந்து உணவு வேண்டாம், தண்ணீர் இருக்கட்டும். சிறு குட்டியை நான்கு மணி நேரத்துக்கு மேல் பட்டினி போடக் கூடாது. பாலூட்டும் தாயாக இருந்தால், குட்டிகள் தாமாகத் தின்னத் தொடங்கும் வரை பொறுங்கள்.

மறுபடி பிடிக்க இயலாத பூனை என்பதை மருத்துவரிடம் சொன்னால், கரையும் நூலால் தைத்து, அடையாளத்துக்காக மயக்கத்திலேயே இடக்காது நுனியைச் சிறிது நறுக்கிவிடுவார். வெறிநாய்க்கடித் தடுப்பூசியையும் அப்போதே கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்தபின் மூடிய, உலர்ந்த அறையில் வைத்திருந்து, மயக்கம் நன்கு தெளிந்து உணவு எடுத்த பிறகு, மருத்துவர் சொல்லும் நாளில் வெளியே விடுங்கள். வலிக்கிறதே என்று வீட்டிலுள்ள பாராசிட்டமால் மாத்திரையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும்.

அறுவைக்குப் பின் எலி பிடிக்காது என்ற அச்சமும் வேண்டாம். வேட்டைக் குணம் அப்படியே இருக்கும்.

கேள்வி: எங்கள் கடுவன் கதவிலும் சுவரிலும் சிறுநீர் பீய்ச்சுகிறது. அறுவை செய்தால் நிற்குமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: பெரும்பாலான கடுவன்களுக்குச் சில வாரங்களில் நின்றுவிடுகிறது அல்லது வெகுவாகக் குறைகிறது, ஊர் சுற்றுவதும் சண்டையிட்டுப் புண்ணோடு திரும்புவதும் தணியும். கடுவனுக்கான அறுவை பெட்டைக்கானதைவிட எளிது, செலவும் குறைவு. ஆனால் முன்பே உருவான விந்தணுக்கள் சில வாரங்கள் உடலில் தங்கியிருக்கும் என்பதால், ஒரு மாதத்துக்கும் சற்று மேலாகவே பெட்டைகளிடமிருந்து பிரித்து வையுங்கள். முக்கி முக்கியும் சிறுநீர் வராமல் தவித்தால் அது வேறு நோய். அறுவை நாளுக்குக் காத்திராமல் அன்றே மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள்.