அமெரிக்க ராணுவத்தில் இருக்கும் கணவரோடு வெளிநாட்டுக்குக் குடிபோகிறேன், எப்படிப் பழகிக்கொள்வது?

எந்த நாடு என்று நீங்கள் சொல்லவில்லை. தமிழில் கேட்டிருப்பதால் என்னைப் போல ஒருத்தி என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஊரில் வளர்ந்து, கல்யாணமாகி அமெரிக்கா போய், மூன்று வருடம் காய்கறி வாங்கக்கூட வீட்டுக்காரரையே கார் எடுக்கச் சொல்லி, இப்போது ஜெர்மனிக்கோ கொரியாவுக்கோ பெட்டி கட்டுகிறவர். அப்படி இல்லையென்றால் மன்னித்துவிடுங்கள்.

முதலில் ஒன்று. "அந்நிய நாட்டுப் பட்டாளத்தில் ஏன் சேர்ந்தான்" என்று கேட்க இங்கே சிலர் வருவார்கள், போன பதிலிலேயே வந்தார்கள். என் கணவர் மேற்படிப்புக்கு அமெரிக்கா போனவர். குடியுரிமை இல்லாதவர்களையும் மொழியறிவுக்காக ராணுவத்தில் சேர்த்துக்கொள்ளும் மாவ்னி என்ற திட்டம் 2009 முதல் 2016 வரை இருந்தது. அந்த மொழிப் பட்டியலில் தமிழும் உண்டு. அவர் 2015-இல் சேர்ந்தார். தமிழ் பேசுவதற்காக அவருக்குக் கிடைத்த ஒரே வேலை அதுதான். இதற்கு மேல் விளக்கம் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

எனக்குப் பட்டாளம் புதிதில்லை. நான் வேலூர் பக்கம். கம்மவான்பேட்டையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள், வீட்டுக்கு வீடு ராணுவத்தில் ஆள் இருக்கும் ஊர். எங்கள் ஊர் அந்த அளவுக்கு இல்லை, ஆனாலும் எங்கள் தெருவில் நாலு வீடு பட்டாளத்து வீடு. தாத்தா ரிட்டயர் ஆகும்வரை ஆயா தனியாகத்தான் குடித்தனம் நடத்தினார். மணியார்டர், இன்லண்ட் லெட்டர், வருஷத்துக்கு ரெண்டு மாச லீவு. அவ்வளவுதான் தாம்பத்தியம். அதனால் "கூடவே போகப்போகிறேனே, ஆயாவுக்கு இந்தக் கொடுப்பினை உண்டா" என்று பெருமையாகத்தான் கிளம்பினேன்.

2022 ஜனவரியில் ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில், அமெரிக்க ராணுவ முகாம் இருக்கும் வில்செக் என்ற சின்ன ஊருக்கு வந்தோம். முகாமுக்கு வெளியே ஒரு கிராமத்தில் வாடகை வீடு. ஜெர்மனியில் வாடகை வீடு என்றால் பல சமயம் சமையலறை மேடைகூட இருக்காது, விளக்கு தொங்க வேண்டிய இடத்தில் ஒயர் தொங்கும். எங்களுக்கு மேடை இருந்தது, விளக்கு இல்லை. ராணுவம் தற்காலிகமாகக் கொடுத்த கட்டிலும் நாலு நாற்காலியும் போட்டுக்கொண்டு, டெக்சாஸிலிருந்து கப்பலில் வரும் சாமான்களுக்காகக் காத்திருந்தோம்.

பிப்ரவரி தொடக்கத்தில் வில்செக்கிலிருந்து சுமார் 1,000 பேரை ருமேனியாவுக்கு அனுப்பினார்கள். உக்ரைன் எல்லையில் என்ன நடக்கிறது என்று உலகமே பார்த்துக்கொண்டிருந்த நேரம். அவரும் கிளம்பினார். எத்தனை நாள் என்று கேட்டேன். "தெரியாது" என்றார். அவருக்கு உண்மையிலேயே தெரியாது.

பத்து நாள் கழித்து லாரி வந்தது. பெட்டிகளைக் கண்ணால் பார்க்கிறேன், என் கையெழுத்தில் "பூஜை சாமான்" என்று எழுதிய பெட்டிகூடத் தெரிகிறது. இறக்கவில்லை. சாமான் அவர் பெயரில், அவர் கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் நான் அவருடைய பவர் பத்திரம் காட்ட வேண்டும். என்னிடம் பவர் இல்லை. லாரி திரும்பிப் போய்விட்டது.

ஏன் இல்லை? தப்பு என்னுடையது, மறைக்கவில்லை. கிளம்பும் முன் எல்லாருக்கும் முகாமின் சட்ட உதவி அலுவலகத்தில் இலவசமாகவே எழுதிக் கொடுக்கிறார்கள். அவர் பேச்செடுத்தார். நான்தான் வேண்டாம் என்றேன். எங்கள் வீட்டில் பவர் என்பது கெட்ட வார்த்தை. தாத்தா ரிட்டயர் ஆனபோது வந்த பணத்தில் வாங்கிய நாற்பது சென்ட் நிலத்தை, "அலையாதே ஆத்தா, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று பெரியப்பா ஆயாவிடம் கைநாட்டு வாங்கி, பவர் பத்திரத்தைக் காட்டி விற்றேவிட்டார். ஆயாவுக்கு விற்றதே ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும். இன்றைக்கு வரை ஒரு ரூபாய் வரவில்லை, கேட்டால் மருந்துச் செலவு என்கிறார். யாருக்கு மருந்து? அந்த மனிதர்தான் போன தடவை ஊருக்குப் போனபோது கூச்சமே இல்லாமல், "மாப்பிள்ளை அமெரிக்கன் மிலிட்டரி சரக்கு ஒண்ணும் கொண்டாரலையா?" என்று கேட்டார். கொண்டு போயிருந்தோம். பக்கத்து வீட்டு ரிட்டயர்டு சுபேதாருக்குக் கொடுத்தோம். பெரியப்பா பார்க்கும்படியாகவே கொடுத்தோம்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். பவர் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எதற்கு, எந்தத் தேதி வரை என்று குறிப்பிட்டே எழுதலாம். யாரும் நிலத்தை விற்றுவிட முடியாது.

அப்புறம் கார். என்னிடம் டெக்சாஸ் உரிமம் இருந்தது, ஆனால் ஜெர்மனியில் ஓட்ட ராணுவம் நடத்தும் தனித் தேர்வை எழுத வேண்டும். "மெதுவாக எழுதலாம்" என்று தள்ளிப்போட்டிருந்தேன். அவர் போன பிறகு எழுதி, முதல் தடவை தோற்றேன். பலகை எதுவும் இல்லாத முக்கில் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்குத்தான் வழி விட வேண்டும், அவர் சந்திலிருந்து வந்தாலும். வேலூரில் ஸ்கூட்டி ஓட்டியவளுக்கு இது மண்டையில் ஏறுமா? இரண்டாவது தடவை தேறினேன். கார் சாவி கைக்கு வந்த அன்றுதான் ஜெர்மனிக்கே வந்த மாதிரி இருந்தது.

முகாமுக்குள் எல்லாம் இருக்கிறது. டாலரில் வாங்கலாம், ஆங்கிலத்தில் பேசலாம், ஞாயிறன்றும் கடை உண்டு. வெளியே பவேரியாவில் இரவு எட்டு மணிக்குக் கடை மூடிவிடும், ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் திறக்கவே திறக்காது. அதனால் பலர் வேலியைத் தாண்டாமலேயே மூன்று வருடம் இருந்துவிட்டுப் போகிறார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, சின்னக் குழந்தைகளோடு இருப்பவர்களுக்கு அது வசதிதான். எனக்கு மூச்சு முட்டியது. உள்ளே எங்கே போனாலும் முதல் கேள்வி, "உங்கள் ஸ்பான்சரின் எண்ணில் கடைசி நான்கு இலக்கம்?" ஸ்பான்சர் என்றால் புருஷன். என் பிறந்த நாளைக் கேட்டால்கூட அவருடைய நான்கு இலக்கம்தான் வாயில் வரும். இதில் பெயர்க் கூத்து வேறு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரைத்தான் அந்த இடத்தில் போட்டிருக்கிறார். ஆகவே அவர் சட்டையில் இருப்பது என் மாமனார் பெயர். மற்ற மனைவிமார் என்னை "மிஸஸ்" போட்டு மாமனார் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். அது என் மாமியார், நான் இல்லை என்று எத்தனை பேரிடம் விளக்குவது?

கார் வருவதற்கு முன்பே ஒரு சனிக்கிழமை ரயில் ஏறி நியூரம்பெர்க் போனேன். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. அங்கே ஓர் ஈழத்துக்காரர் கடை. கண்ணாடியில் தமிழ் எழுத்தைப் பார்த்ததும் முகக்கவசத்துக்குள் அழுதேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். கல்லாவில் இருந்த அக்கா கேட்டார், "பிள்ளை, இஞ்ச படிக்க வந்தனீங்களோ?"

"இல்லக்கா, எங்க வீட்டுக்காரர் ஆர்மியில இருக்கார்."

அவர் கை தராசிலேயே நின்றுவிட்டது. "எந்த ஆமி?"

அமெரிக்கன் என்றேன். அவர் எதுவும் சொல்லவில்லை. வெங்காயத்தை நிறுத்தார், கருவேப்பிலையைப் பையில் போட்டார், காசு வாங்கினார். நான் கதவுவரை போன பிறகுதான், "முருங்கைக்காய் இண்டைக்குத்தான் வந்தது, எடுக்கேல்லையோ?" என்று கேட்டார். திரும்பிப் போய் எடுத்தேன்.

வாராவாரம் போனேன். ஐந்தாறு வாரம் கழித்துக் கடைக்குப் பின்னால் தேநீர் கொடுத்துச் சொன்னார்: "ஆமி எண்டால் எங்களுக்கு வேற அர்த்தம், பிள்ளை. உங்களில பிழை இல்லை." அதற்கு மேல் அவர் சொன்னதை நான் எழுத முடியாது, அது அவருடைய கதை. பட்டாளத்து வீடு என்பதை நான் பிறந்ததிலிருந்து மதிப்பாகவே கேட்டு வளர்ந்தவள். அந்த ஒரு சொல்லைக் கேட்டு ஒருவர் கை நின்றுபோகும் என்று எனக்கு அதுவரை தெரியாது. இப்போது புதிதாக ஒரு தமிழரைப் பார்த்தால் கணவர் வேலையை முதலில் சொல்வதில்லை. பயந்தோ வெட்கப்பட்டோ அல்ல.

அடுத்த வருடம் ஹாம் நகரத்துக் காமாட்சி அம்பாள் தேருக்கு அந்த அக்கா குடும்பத்தை என் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். 2002-இல் குடமுழுக்கான கோயில், நம் ஊர்க் கோபுரம் அப்படியே தொழிற்பேட்டை நடுவில் நிற்கும். எங்களிடமிருந்து நானூறு கிலோமீட்டருக்கு மேல். வேகக் கட்டுப்பாடு இல்லாத நெடுஞ்சாலையில் எண்பதில் ஓட்டினேன். "பிள்ளை, லொறியெல்லாம் முந்துது" என்று பின்சீட்டிலிருந்து சொல்லிக்கொண்டே வந்தார். அவர் அப்போது திரும்பி வந்திருந்தார் (என் கணவரைச் சொல்கிறேன்), ஆனால் வேலையிருந்ததால் வரவில்லை. ஒருவகையில் நல்லதாயிற்று.

மிக்ஸி எடுத்துப்போகலாமா என்று எல்லாரும் கேட்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். ஊரில் வாங்கியது என்றால் தாராளமாக எடுத்துப்போங்கள். ஜெர்மனியிலும் 230 வோல்ட்தான், பிளக்கை மாற்றினால் போதும். டெக்சாஸில் அட்டைப்பெட்டிக்குள் கிடந்த என் சீதன மிக்ஸி இங்கே வந்துதான் உயிர் பெற்றது. அமெரிக்காவில் வாங்கிய 110 வோல்ட் கிரைண்டரை மட்டும் விற்றுவிட்டு வாருங்கள். டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் வோல்ட் மாறும், ஹெர்ட்ஸ் மாறாது. மோட்டார் மெதுவாகச் சுற்றிச் சூடேறி, மாவு கல்லிலேயே இட்லியாகிவிடும். லாரிக்காக ஐந்து வாரம் காத்திருந்து நான் இறக்கிய முதல் பெட்டி அந்தக் கிரைண்டர்தான். இப்போது நிலவறையில் இருக்கிறது, வில்செக் பக்கம் யாருக்காவது வேண்டுமென்றால் வந்து எடுத்துக்கொள்ளலாம்.