மன்னிக்கச் சொன்னது யார்கிட்ட?

வணக்கம் சார்,

அடிமை முறைய வெச்சு வடக்கும் தெற்கும் மோதின அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு அப்புறம், தோத்த தெற்க சீரமைக்க நடந்த ரீகன்ஸ்ட்ரக்‌ஷன் பத்தி நீங்க எழுதினத படிச்சேன். ஒரு சந்தேகம். நாலு வருஷம் சண்டை நடந்து ஊரெல்லாம் சாம்பலா கிடக்கும்போது, தோத்துப்போன தெற்கு வெள்ளைக்காரங்கள மன்னிச்சு அரவணைச்சு போயிருக்கலாமே? எழுதப் படிக்கத் தெரியாத, அப்பத்தான் விடுதலையான கறுப்பர்களுக்கு உடனே ஓட்டு, மேல ராணுவ ஆட்சின்னு அவசரப்பட்டதாலதானே வெறுப்பு அத்தனை வருஷம் நீடிச்சுது? லிங்கன் இருந்திருந்தா நிதானமா செஞ்சிருப்பார்னு தோணுது.

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்,

நீங்க சொல்றத அமெரிக்காவுல பாடப்புத்தகங்களே ரொம்ப காலம் சொல்லிட்டு இருந்துச்சு, 1935ல கறுப்பின வரலாற்றாளர் டூபாய்ஸ் ஆதாரத்தோட மறுத்து எழுதின பிறகும் அது மாற பல வருஷம் ஆச்சு. அதனால கேள்வியில தப்பில்ல. ஆனா நடந்த வரிசைய பாருங்க.

மன்னிப்பு வழியத்தான் முதல்ல செஞ்சு பாத்தாங்க. 1865 ஏப்ரல்ல லிங்கன் சுடப்பட்டு இறந்ததும் ஜனாதிபதியான ஆண்ட்ரூ ஜான்சன், கிளர்ச்சி பண்ணவங்களுக்கு மன்னிப்பு அள்ளிக் குடுத்தார், மாநில ஆட்சியும் அவங்க கைக்கே போச்சு, கறுப்பர்களுக்கு ஓட்டு கிடையாது. அந்த வருஷம் முடியறதுக்குள்ளயே மிசிசிப்பியும் சவுத் கரோலினாவும் கறுப்பர் சட்டங்கள கொண்டு வந்துட்டாங்க. மிசிசிப்பியில ஜனவரி வந்தா வேலை இருக்குன்னு எழுத்துல ஆதாரம் காட்டணும், இல்லன்னா வேலைவெட்டி இல்லாம சுத்துறவன்னு புடிச்சு அபராதம் போடலாம், கட்ட காசில்லன்னா எவன் அந்த அபராதத்த கட்டுறானோ அவன்கிட்ட உழைச்சுக் கழிக்கணும். 1866 மே மாசம் மெம்ஃபிஸ்ல 46 கறுப்பர்கள கொன்னாங்க, ஜூலையில நியூ ஆர்லியன்ஸ்ல இன்னொரு படுகொலை. இவ்வளவும் பாத்த பிறகுதான் காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், 1867ல தெற்க ராணுவ மாவட்டங்களா பிரிக்கறது, கறுப்பர்களுக்கு ஓட்டுரிமைன்னு இறங்குச்சு. அப்ப அவசரம் எங்க இருக்கு?

இப்ப அந்த ‘மன்னிச்சு’ங்கற வார்த்தைக்கு வரேன், என் மனசுல உறுத்துறது அதுதான். 1865 ஜனவரியில வடக்குப் படையோட ஜெனரல் ஷெர்மன் ஒரு உத்தரவு போட்டார். சவுத் கரோலினா, ஜார்ஜியா, ஃப்ளோரிடா கடலோர நிலத்த, குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரைக்கும், விடுதலையான மக்களுக்கு ஒதுக்கணும்னு. சுமார் 40,000 பேர் குடியேறி பயிர் வெச்சாங்க. ஜான்சன் அந்த நிலத்த பழைய முதலாளிகளுக்கே திருப்பிக் குடுக்கச் சொன்னார். அத மக்கள்கிட்ட நேர்ல சொல்ற வேலை ஜெனரல் ஹோவர்டுக்கு. அவர் விடுதலையானவங்களுக்கான அரசு அலுவலகத்துக்கே தலைவர், நல்ல மனுஷன், போர்ல வலது கை போனவர். அக்டோபர்ல சவுத் கரோலினா கடலோரத்து எடிஸ்டோ தீவுல ஒரு சர்ச்சுல கூட்டம் கூடுது, விஷயத்த சொன்னதும் ஒரே இரைச்சல், பேசவே முடியல, அப்ப ஒரு அம்மா, நான் படுற பாடு யாருக்கும் தெரியாதுன்னு வர்ற பாட்ட ஆரம்பிக்க, கூட்டமே சேர்ந்து பாடுச்சு.

அதுக்கப்புறம் அந்தத் தீவுக்காரங்க மூணு பேர் கமிட்டியா சேர்ந்து ஹோவர்டுக்கு ஒரு கடிதம் எழுதினாங்க. நிலச் சொந்தக்காரங்கள மன்னிக்கச் சொல்றீங்க, உங்களுக்கு போர்ல வலது கை மட்டும்தான் போச்சு, நீங்க மன்னிக்கலாம், என்ன மரத்துல கட்டிவெச்சு 39 அடி அடிச்சவன, எங்கம்மாவையும் தங்கச்சியையும் துணிய உருவி அடிச்சவன, அவன் சொல்ற கூலிக்கு அவன் நிலத்துல உழைச்சாத்தான் காலியா கிடக்குற குடிசையில கூட இருக்க விடுவேங்கறவன என்னால மன்னிக்க முடியலன்னு சொல்றாங்க. எனக்குன்னு நிலம் இருந்தா அவன்கிட்ட எனக்கு என்ன வேலைங்கறதும் அதுலயே இருக்கு. இத படிச்ச நாள்லேர்ந்து, சமாதானம்னு யாராவது ஆரம்பிச்சா எனக்கு அந்த மரம்தான் ஞாபகம் வருது. மன்னிப்பு முதலாளிக்கு, நிலமும் முதலாளிக்கு, அடி வாங்கினவனுக்கு மட்டும் பொறுமை. இதுக்குப் பேர் அரவணைப்பு இல்ல எஸ்.

லிங்கன் என்ன செஞ்சிருப்பார்னு நான் சொல்ல முடியாது. ஆனா சுடப்படறதுக்கு மூணு நாள் முன்னாடி பேசின கடைசிப் பேச்சுல, நல்ல அறிவாளிங்களான கறுப்பர்களுக்கும் ராணுவத்துல இருந்தவங்களுக்கும் ஓட்டு வேணும்னு சொன்னவர் அவர்.

எழுதப் படிக்கத் தெரியாதவங்கன்னு சொல்றீங்களே, அடிமைக்கு எழுத்து சொல்லிக் குடுக்கறதே தெற்குல பல மாநிலங்கள்ல அப்ப குற்றமா இருந்துச்சு. ஓட்டு வந்ததும் அவங்க முதல்ல கேட்டதுல ஒண்ணு பள்ளிக்கூடம். 1868ல சவுத் கரோலினாவோட புது அரசியல் சட்டத்த எழுதின சபையில கறுப்பர்கள்தான் பெரும்பான்மை, எல்லா பிள்ளைங்களுக்கும் பொதுப் பள்ளிங்கறது அதுல வந்துச்சு. அந்த சபையில ராபர்ட் ஸ்மால்ஸ்னு ஒருத்தர். 1862ல அடிமையா இருந்தப்பவே தெற்குப் படையோட கப்பலையே ஓட்டிட்டு குடும்பத்தோட தப்பிச்சவர், பொறகு தன்ன அடிமையா வெச்சிருந்தவரோட வீட்டையே வரி பாக்கி ஏலத்துல வாங்கினவர், காங்கிரஸுக்கும் போனவர்.

1877ல மத்திய அரசு கைய விரிச்சுடுச்சு, தெற்கு மறுபடி பழைய ஆளுங்க கைக்குப் போச்சு. 1895ல கறுப்பர்களோட ஓட்ட பறிக்கறதுக்குன்னே சவுத் கரோலினா புது அரசியல் சட்டம் எழுத கூடுச்சு. 160 பேர்ல கறுப்பர்கள் ஆறே பேர், அதுல ஸ்மால்ஸும் ஒருத்தர். எங்க இனத்துக்கு தனியா வக்காலத்து வேணாம், சமமான வாய்ப்பு போதும்னு பேசினார். சட்டம் நிறைவேறிடுச்சு. ஸ்மால்ஸ் கையெழுத்து போட மாட்டேன்னுட்டார்.