செட் கேள்வி பதில்: இரண்டு வரிக்கு நடுவில் மட்டும் மாற்றுவது

ஏற்காட்டில் மழை. கரண்ட் போவதற்குள் எவ்வளவு முடியுமோ அவ்வளவு பதில். செட் என்பது கோப்பில் உள்ள எழுத்தை வரி வரியாகப் படித்து மாற்றும் கணினிக் கட்டளை. எஸ், டி, ஆர், ஐ என்று எழுதுவதெல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்துகள்.

செவ்வாய்ப்பேட்டை: அண்ணா, விலைப்பட்டியலில் 'கொலுசு' வரியிலிருந்து 'முடிவு' வரி வரைக்கும் மட்டும் செய்கூலி 12ஐ 14 ஆக்கணும். அரைஞாண் பகுதியில் இருக்கும் 12ஐத் தொடக்கூடாது.

தம்பி, செட் இதற்கென்றே பிறந்தது. /கொலுசு/,/முடிவு/ என்று எல்லை கட்டி, ஒட்டினாற்போல எஸ்/செய்கூலி 12$/செய்கூலி 14/ போடு. எஸ் என்றால் மாற்று, $ என்றால் வரிக்கடைசி; அந்த $ இல்லாவிட்டால் 125ம் 145 ஆகிவிடும். கொலுசு கண்ணில் பட்டதும் கதவு திறக்கும், முடிவு வந்ததும் மூடும், கீழே இன்னொரு கொலுசு வந்தால் மறுபடி திறக்கும். முடிவு கிடைக்கவே இல்லையென்றால் கடைசி வரி வரை திறந்தேதான் கிடக்கும். நானும் பட்டிருக்கிறேன்: விண்டோஸில் சேமித்த கோப்பு, வரியில் முடிவு மட்டும் இருக்கணும் என்று ^முடிவு$ போட்டுத் தேடினேன், வரிக்கடைசியில் கண்ணுக்குத் தெரியாத சிஆர் எழுத்து ஒட்டியிருந்ததால் பொருந்தவில்லை, கீழே இருந்த பகுதியெல்லாம் நாசம். மாற்றத்தைக் கோப்பிலேயே எழுதிவிடும் குறி -ஐ; நகல் இல்லாமல் அதைப் போடாதே.

ஓமலூர்: கொலுசும் முடிவும் ஒரே வரியில் இருந்தால்?

முடிவை அடுத்த வரியிலிருந்துதான் தேடும். கதவு மூடாது.

ஆத்தூர்: அடையாள வரி இரண்டும் இருக்கட்டும், நடுவில் இருப்பதை எடுத்துவிட்டுப் புதுசு வைக்கணுங்க.

எல்லைக்குப் பின் நெளிவு அடைப்புக்குள் //!டி, அதாவது பொருந்தாத வரியை அழி. காலி // என்றால் கடைசியாக ஒப்பிட்ட சொல். முதல் வரியில் அது கொலுசு, அப்புறம் முடிவு, அதனால் இரண்டும் தப்பிக்கும். அடைப்பை மூடிவிட்டு /கொலுசு/ஆர் புதியது என்று எழுதினால், 'புதியது' என்ற கோப்பில் இருப்பது கொலுசு வரிக்குக் கீழே வந்து உட்காரும்.

அஸ்தம்பட்டி: ஆக் என்ற கட்டளை இருக்கும்போது இந்தப் பழசு எதற்கு?

பழசா? செட் 1974, லீ மெக்மாகன் எழுதியது. ஆக் 1977, அதுவும் அதே பெல் ஆய்வகத்துப் பிள்ளைதான். மூன்று வயது இளையது என்று இவ்வளவு பந்தா!

அஸ்தம்பட்டி: செய்கூலியைப் பத்து சதவீதம் ஏற்றச் சொன்னால் செட் என்ன செய்யும்?

முழிக்கும். கணக்குக்கு ஆக்தான், ஒத்துக்கொள்கிறேன். சொல்லை மாற்ற ஆக்கைக் கூப்பிடுவது கொசு அடிக்க உலக்கை.

மேட்டூர்: மேக்கில் -ஐ தகராறு செய்யுதுங்க.

அங்கே -ஐக்குப் பின் நகலுக்கு ஒரு பின்னொட்டு கட்டாயம். '.பழசு' என்று கொடுங்கள்.

கொண்டலாம்பட்டி: அண்ணா, -ஐ போட்டேன், கோப்பு முழுக்க மாறிடுச்சு.

மேலே முதல் பதில். நகல் இருக்கா?

கொண்டலாம்பட்டி: இல்லைங்க.

ம்.