குழந்தைக்காகச் சிகிச்சை எடுக்கிறோம். நாள் குறித்துச் சேரச் சொல்கிறார்கள், எனக்கோ விருப்பமே வரவில்லை. இதை எப்படிச் சமாளிப்பது?

திருமணமாகி ஆறு ஆண்டுகளில் கடைசி மூன்றும் எங்களுக்குக் கருத்தரிப்பு மையத்துக்கும் வீட்டுக்குமாகவே கழிந்தன. எனக்குச் சினைப்பையில் நீர்க்கட்டிகள், கணவருக்கு விந்தணு எண்ணிக்கை சற்றுக் குறைவு. நான் மருத்துவர் அல்லள். நீங்கள் சொல்லும் நிலையில் ஒன்றரை ஆண்டு இருந்தவள் என்பதால் எழுதுகிறேன்.

மாதவிலக்கின் இரண்டாம் நாளிலிருந்து ஐந்து நாள் மாத்திரை, ஒன்பதாம் நாள் முதல் ஒன்றுவிட்டு ஒருநாள் ஸ்கேன், முட்டை வளரும் பை 18 மி.மீ. தாண்டியதும் அதை வெடிக்க வைக்க ஓர் ஊசி, அதன்பின் 'இன்றும் நாளையும் சேர்ந்திருங்கள்' என்று சீட்டில் எழுதித் தரும் தேதி. அந்த ஊசி மருந்தைக் குளிர்சாதனப் பெட்டியில் முட்டை அடுக்கும் தட்டில்தான் வைத்திருந்தோம். முதல் மாதம் அதைப் பார்த்து இருவரும் சிரித்தோம். ஐந்தாம் மாதம் யாரும் சிரிக்கவில்லை. குறித்த நாளில் அவர் அலுவலகத்திலிருந்து தாமதமாக வருவதும், நான் துலக்கிய பாத்திரத்தையே மறுபடி துலக்கிக்கொண்டு சமையலறையில் நிற்பதும் வழக்கமாயிற்று. போதாததற்கு, தேதி தெரிந்த மாமியார் அன்று எட்டு மணிக்கே தொலைக்காட்சியை அணைத்துவிட்டுப் படுத்துவிடுவார். நல்லெண்ணம்தான், ஆனால் அந்த நிசப்தத்தில் எந்த ஆசை பிறக்கும்? ஓர் இரவு கணவருக்கு இயலாமற்போனபோது, 'ஊசிக்குக் கொடுத்த காசு போச்சே' என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அந்தக் காயம் ஆற மாதக்கணக்கில் ஆனது.

முதலில் செய்ய வேண்டியது, கூச்சத்தை விட்டு மருத்துவரிடம் இதைச் சொல்வதுதான். தைராய்டு சுரப்பு குறைந்தாலும், பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் கூடினாலும் விருப்பம் குறையும். இவ்விரண்டும் கருத்தரிப்பையும் தடுக்கக்கூடியவை என்பதால் இரத்தப் பரிசோதனை எப்படியும் வீண்போகாது. மனச்சோர்வும், அதற்குத் தரப்படும் மாத்திரைகளில் சிலவும்கூட இதே வேலையைச் செய்யும். எனக்குத் தைராய்டு குறைபாடு இருந்தது தெரியவந்தது. மாத்திரை தொடங்கியபின் அசதி போயிற்று, விருப்பம் பாதிதான் திரும்பியது.

மீதிப் பாதிக்குக் காரணம் கடிகாரம். வெளிவந்த முட்டை 12 முதல் 24 மணி நேரமே உயிர்ப்புடன் இருக்கும் என்பதையே பிடித்துக்கொண்டு நாங்கள் நடுங்கிக்கொண்டிருந்தோம். விந்தணு உடலுக்குள் 5 நாள் வரை உயிருடன் இருக்கக்கூடும் என்பதையும், ஆகவே முட்டை வெளிவருவதற்கு முந்தைய நாட்களே முக்கியம், இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை சேர்ந்தாலே பெரும்பாலும் போதும் என்பதையும் நானாகக் கேட்ட பிறகுதான் மருத்துவர் விளக்கினார். அன்று முதல் சீட்டு என் கைப்பையோடு நின்றது. கணவருக்குத் தேதி தெரியாது, அவரே வேண்டாம் என்றார். (சிலருக்கு இது ஒளித்துவைப்பதாகப் படலாம், பேசி முடிவெடுங்கள்.)

எங்களுக்கு மிகவும் உதவியது, எந்தப் பலனும் எதிர்பாராத நெருக்கத்தைத் தனியாக வைத்துக்கொண்டது. ஞாயிறு காலை அவர் என் தலைக்கு நல்லெண்ணெய் தேய்த்துவிடுவார். அதற்கு மேல் எதுவும் கிடையாது என்பது பேச்சு. அந்த உறுதி இருந்ததால்தான் அவர் கை பட்டாலே உடல் இறுகிப்போவது மெல்ல நின்றது. சேரும்போது வலி இருந்தால் மட்டும் இப்படிப் பொறுமையாக இருக்க வேண்டாம். அதற்குத் தனியே சிகிச்சை உண்டு.

ஒரு கட்டத்தில் ஐ.யு.ஐ. என்ற செயற்கைக் கருவூட்டல் செய்துகொண்டோம். 'இயற்கையாகவே ஆகட்டும்' என்று அதை ஓராண்டு தள்ளிப்போட்டது என் பிடிவாதம். விந்தணுவைச் சுத்தப்படுத்திக் கருப்பைக்குள் செலுத்தும் பொறுப்பு மையத்துக்குப் போனதும் எங்கள் படுக்கையறை எங்களுக்கே திரும்பியது. முற்றிலும் சுகமான வழி என்று சொல்ல மாட்டேன். மாதிரி கொடுப்பதற்கு முன் சில நாள் விலகியிருக்க வேண்டும், மையத்தின் அந்தச் சிறிய அறை அவருக்குப் பெரும் சங்கடம். வீட்டிலேயே எடுத்து ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவரச் சில மையங்கள் அனுமதிக்கின்றன, கேட்டுப் பாருங்கள்.

ஆண்களுக்காக ஓர் எச்சரிக்கை. விருப்பம் குறைகிறது என்று டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஊசியோ களிம்போ தாமாக எடுத்தால் விந்தணு உற்பத்தி படுத்துவிடும், சிலருக்கு அடியோடு நின்றும் போகலாம். பேருந்து நிலையச் சுவர்களில் விளம்பரமாகும் மருந்துகளில் என்ன கலந்திருக்கிறது என்பது விற்பவருக்கே வெளிச்சம். சேரும்போது வறட்சிக்குத் தடவும் வழுக்குக் களிம்புகளில் பலவும் விந்தணுவின் நகர்வைக் குறைப்பவை. எதை வாங்கலாம் என்று மருத்துவரிடமே கேளுங்கள்.

இரண்டாவது ஐ.யு.ஐ. முடிந்து காத்திருக்கிறோம். இம்முறை வீட்டில் யாரிடமும் தேதி சொல்லவில்லை. மாமியார் இரவு பத்து மணி வரை தொடர் பார்த்துக்கொண்டிருந்தார்.